15288, 12207: எங்கிருந்து பிடித்துப் படிப்பது?

புதுத்தடம்

அப்ளிகேஷன் சாஃப்ட்வேர் பக்கத்திலிருந்து, நோயாளிக்கு மருந்தை அளந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் செய்கிற குழுவுக்கு மாறியிருக்கிறேன். சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் பிடிபட வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ/ஐஇசி/ஐஇஇஇ 15288-ஐயும் (சிஸ்டம் வாழ்நாள் ப்ராசஸ் ஸ்டாண்டர்டு) 12207-ஐயும் (சாஃப்ட்வேருக்கு அதே மாதிரி) படி என்கிறார்கள். 12207-ஐ முதல் பக்கத்திலிருந்து பிடித்தேன். நாற்பது பக்கம் தாண்டியும் மனதில் ஒன்றும் தங்கவில்லை. எல்லா வாக்கியமும் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் எதுவும் எதையும் சொன்ன மாதிரி இல்லை.

இரண்டிலும் பொருளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான், பிறகு ஏன் இரண்டு? எந்த வரிசையில் படித்தால் விளங்கும்? இதெல்லாம் ஆடிட்டுக்கு மட்டும்தானா, வேலையைப் புரிந்துகொள்ளவும் உதவுமா?

ஆறுநாலு

முதல் பக்கத்திலிருந்து படித்தால் யாருக்கும் தூக்கம்தான் வரும். கதை போலப் படிக்க எழுதியதில்லை அது. இரண்டு ஸ்டாண்டர்டிலும் 6-ஆம் பிரிவுதான் சதை. அதில் நான்கு குடும்பங்கள்: 6.1-ல் வாங்கல் விற்றல் ஒப்பந்தம் சார்ந்த 2 ப்ராசஸ், 6.2-ல் நிறுவனம் செய்து தர வேண்டிய 6, 6.3-ல் தொழில்நுட்ப மேலாண்மை 8, 6.4-ல் தொழில்நுட்ப வேலை 14. ஆக 30. ஒவ்வொன்றும் ஒரே அச்சில் வார்த்தது: முதலில் நோக்கம், அடுத்து அவுட்கம், பிறகு ஆக்டிவிட்டி, அதற்குள் டாஸ்க்.

முதல் வாசிப்பில் நோக்கத்தையும் அவுட்கமையும் மட்டும் படியுங்கள். டாஸ்க் பக்கம் போகாதீர்கள். "முழு இணக்கம்" என்று சொல்லிக்கொள்ள இந்த ஸ்டாண்டர்டுகள் இரண்டு வழி தருகின்றன: டாஸ்க் எல்லாவற்றையும் செய்ததாகக் காட்டலாம், அல்லது அவுட்கம் எல்லாம் கிடைத்ததாகக் காட்டலாம். அதாவது விளைவு கிடைத்தால் போதும், செய்கிற விதம் உங்கள் பாடு. தேவையில்லாததைக் கழித்துக்கொள்ளவும் ஏ இணைப்பில் முறை இருக்கிறது.

வரிசை கேட்டீர்கள். 6.4.3 சிஸ்டம் ரிக்வயர்மென்ட், 6.4.9 வெரிஃபிகேஷன் (ரிக்வயர்மென்டில் சொன்னபடி இருக்கிறதா), 6.4.11 வேலிடேஷன் (உபயோகிப்பவருக்கு வேண்டியது கிடைத்ததா), இந்த மூன்றையும் முதலில் ஒரே மூச்சில் படியுங்கள். அடுத்து 6.3.5 கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட், 6.3.3 டிசிஷன் மேனேஜ்மென்ட். பிறகு 6.4.2 ஸ்டேக்ஹோல்டர் தேவையும் 6.4.4 ஆர்க்கிடெக்சரும். 6.1, 6.2 இரண்டையும் ஆறு மாதம் தள்ளிப்போட்டாலும் குடி முழுகாது.

படித்த கையோடு ஒரு தாளில் 6.4.3-ன் அவுட்கம்களை இடப்பக்கம் எழுதி, அது நடந்ததற்கு உங்கள் ப்ராஜெக்டில் என்ன சாட்சி என்று வலப்பக்கம் எழுதுங்கள். ஃபைலாக இருக்கலாம், டிக்கெட்டாக இருக்கலாம், மீட்டிங் குறிப்பாகவும் இருக்கலாம். ஒரு மணி நேர வேலை. வலப்பக்கம் காலியாக நிற்கிற வரிகள்தான் உங்களுக்குப் பாடம்.

எண் வரிசையைக் கால வரிசை என்று எடுத்துக்கொள்வது எல்லோரும் விழுகிற குழி. 6.4.6 சிஸ்டம் அனாலிசிஸ் டிசைனுக்குப் பிறகு ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. ரிக்வயர்மென்ட் எழுதும்போதும் வேண்டும், டெஸ்ட் முடிவைப் பார்த்துக் குழம்பும்போதும் வேண்டும். அதே 14 ப்ராசஸும் முழு பம்புக்கு ஒரு தடவை, கண்ட்ரோலர் போர்டுக்கு ஒரு தடவை, அதற்குள் ஓடும் சாஃப்ட்வேருக்கு ஒரு தடவை என்று உள்ளே உள்ளே திரும்ப ஓடும்.

"ஏன் இரண்டு" என்பதற்குக் காரணம் பிறப்புதான். 12207 சாஃப்ட்வேருக்கென்று 1995-ல் வந்தது, 15288 சிஸ்டத்துக்கென்று 2002-ல். இரண்டும் வேறு வேறு அமைப்பில் இருந்தன. 2008-ல் இரண்டையும் நெருக்கினார்கள். 12207-ன் 2017 பதிப்பு 15288-ன் 2015 பதிப்போடு எண் முதற்கொண்டு பொருந்தும்படி எழுதப்பட்டது. அதனால் 15288-ல் ஒரு பிரிவைப் படித்ததும் 12207-ல் அதே எண்ணைத் திறந்து, சாஃப்ட்வேருக்காக என்ன கூட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தனித்தனியாகப் படித்தால்தான் அலுப்பு.

மொழி விஷயம் ஒன்று. ஐஎஸ்ஓ ஆவணத்தில் "ஷல்" வந்தால் கட்டாயம், "ஷுட்" வந்தால் பரிந்துரை, "மே" அனுமதி, "கேன்" இயலும் என்பது. தமிழில் பேசும்போது முதல் இரண்டுக்குமே "செய்யணும்" என்றுதான் வாயில் வருகிறது. பாதி மீட்டிங் சண்டை இதில்தான். "கட்டாயம்", "நல்லது" என்று பிரித்துச் சொல்லிப் பழகிவிடுங்கள்.

காசு கொடுக்காமல் தொடங்க: ஐஎஸ்ஓவின் ஆன்லைன் பிரவுசிங் பிளாட்ஃபார்மில் ஒவ்வொரு ஸ்டாண்டர்டுக்கும் முன்னுரை, எல்லை, சொல் விளக்கம் வரை திறந்திருக்கும். செவோகேப் என்கிற சொல் தளம் இலவசம், சொல் விளக்க ஸ்டாண்டர்டான 24765-ன் விளக்கங்கள் அங்கே கிடைக்கும். ஒரே சொல்லுக்கு நாலைந்து விளக்கம் வரும்போது பயப்பட வேண்டாம். எந்த ஸ்டாண்டர்டிலிருந்து எடுத்தது என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் அறிவைத் தொகுத்துச் சொல்லும் ஸ்வெபாக்கின் 2024-ல் வந்த நான்காம் பதிப்பும் நாசாவின் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் ஹேண்ட்புக்கும் இலவசம்தான்.

பழைய_சர்க்யூட்

மேலே சொன்ன தாள் நல்ல வழி. ஆனால் சொந்த ப்ராஜெக்டில் எது காலி என்று கண்ணுக்குத் தெரிய நாளாகும். அதற்கு முன் ஒரு விபத்து அறிக்கையை எடுத்து, அதன் மேல் 6.3, 6.4 எண்களைக் குறித்துப் பாருங்கள். ஐரோப்பிய ராக்கெட்டான ஏரியன் 5-ன் முதல் பயணம், 501, இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளம். லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு ஜூலை 19-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. அறிக்கை சிறியது, இணையத்தில் முழுசாகக் கிடைக்கும்.

நடந்தது இது. ராக்கெட்டின் நிலையைச் சொல்லும் எஸ்ஆர்ஐ கருவியின் சாஃப்ட்வேர் ஏரியன் 4-லிருந்து ஏறக்குறைய அப்படியே வந்தது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் ஃப்ளோட்டிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், எண் 32,767-ஐத் தாண்டியது. ஏடா மொழியில் ஆபரண்ட் எர்ரர் எழுந்தது, பிடிக்க ஆள் இல்லை, ப்ராசசர் நின்றது. மாற்று எஸ்ஆர்ஐ-க்குத் தாவலாம் என்றால் அது முந்தைய 72 மில்லிசெகண்ட் சுற்றிலேயே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. நின்ற கருவி அனுப்பிய டயக்னாஸ்டிக் பிட்டுகளை மெயின் கம்ப்யூட்டர் பறக்கும் தரவு என்று எடுத்துக்கொண்டு நாசில்களை முழுசாகத் திருப்பியது. ராக்கெட் சாய்ந்தது, காற்றின் அழுத்தத்தில் பிய்ந்தது.

"ஓவர்ஃப்ளோ பக்" என்று இதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அறிக்கையைப் படித்தால் கோடிங் வரிதான் கடைசிக் கண்ணி என்று தெரியும்.

6.4.3-ஐ வைத்துப் பாருங்கள். ஏரியன் 5-ன் கிடைமட்ட வேகம் ஏரியன் 4-ஐவிட ஐந்து மடங்கு விரைவாகக் கூடும். அந்தப் பாதைத் தரவு எஸ்ஆர்ஐ-யின் ரிக்வயர்மென்டில் இடம்பெறவே இல்லை. கருவி தன் ஸ்பெசிஃபிகேஷனுக்குச் சரியாகவே இருந்தது. வெரிஃபிகேஷனுக்கும் வேலிடேஷனுக்கும் வித்தியாசம் என்ன என்று யாராவது கேட்டால் இதைக் காட்டலாம்.

அடுத்து, அந்தக் கணக்கு எதற்காக ஓடிக்கொண்டிருந்தது? தரையில் நிற்கும்போது கருவியைச் சீராக்கும் அலைன்மெண்ட் வேலை அது. கவுண்ட்டவுன் கடைசி நேரத்தில் நின்றால் சீக்கிரம் மறுபடி தொடங்க வசதியாக, கிளம்பிய பிறகும் 40 நொடி வரை ஓடவிட்டிருந்தார்கள். அந்தத் தேவை ஏரியன் 5-க்கு முந்தைய மாடல்களுடையது. ஏரியன் 5-ல் தேவையே இல்லை. ரிக்வயர்மென்ட் எழுதுவதற்கான 29148 ஸ்டாண்டர்டு நல்ல ரிக்வயர்மென்டின் பண்புகளில் முதலாவதாக "அவசியமானது" என்பதை வைக்கிறது. பலர் அதைச் சம்பிரதாயம் என்று தாண்டிப்போவார்கள்.

6.3.3: ஆபத்தில் இருந்த மாறிகள் ஏழு. ப்ராசசர் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற இலக்கு இருந்ததால் நான்குக்கு மட்டும் பாதுகாப்புப் போட்டு, மூன்றை விட்டார்கள். தெரியாமல் விட்டதில்லை, பேசி முடிவெடுத்துதான் விட்டார்கள். ஆனால் ஏன் விட்டோம் என்ற நியாயம் சோர்ஸ் கோடில் நேரடியாக எங்கும் இல்லை. ஆவணக் குவியலில் அந்த அனுமானம் மறைந்துபோனது என்று குழு எழுதுகிறது. டிசிஷன் மேனேஜ்மென்ட் காரணத்தோடு முடிவைப் பதியச் சொல்வது இதற்குத்தான். ஆர்க்கிடெக்சர் விவரிப்புக்கான 42010-ம் நியாயத்தைத் தனியாகக் கேட்கிறது.

6.4.4: பழுது வந்தால் ப்ராசசரை நிறுத்து, மாற்றுக்குத் தாவு என்ற திட்டம் ஹார்டுவேர் தற்செயலாகக் கெடும் என்ற எண்ணத்தில் போட்டது. இரண்டு கருவியிலும் ஒரே சாஃப்ட்வேர் ஓடினால் தப்பும் இரண்டிலும் ஒரே நேரத்தில்தான் வரும்.

6.4.8 (பாகங்களை இணைத்தல்), 6.4.9: முழுச் சிஸ்டம் சிமுலேஷனில் உண்மையான எஸ்ஆர்ஐ-யை வைக்கவில்லை, அதன் வெளியீட்டைப் போலி செய்யும் சாஃப்ட்வேரை வைத்தார்கள். கருவி தனியாகத் தேர்வானதுதானே என்ற நம்பிக்கை.

ஒரு மதிய நேரம் அறிக்கையையும் 15288-ஐயும் அருகருகே வைத்து இப்படிக் குறித்துவிட்டால், அதற்குப் பிறகு 6.4-ன் எந்த வரியும் வெறும் வரியாகத் தெரியாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: அன்று 15288 பிறக்கவே இல்லை, 12207 வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஸ்டாண்டர்டை மீறினார்கள் என்று யாரையும் குற்றம் சாட்ட இது பயன்படாது. படிக்கிற பயிற்சி, அவ்வளவே.

புதுத்தடம்

501 கணக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் பக்கம் வருகிறேன். ஆவணத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "லைனில் அடைப்பு ஏற்பட்டால் பம்ப் உடனடியாக அலாரம் கொடுத்து மோட்டாரை நிறுத்த வேண்டும்." இதை 29148 கண்ணோடு பார்த்தால் எப்படி இருக்கும்? இதில் எது சிஸ்டம், எது சாஃப்ட்வேர்?

சோதனைமேசை

ஒரு வரியில் இரண்டு ரிக்வயர்மென்ட் இருக்கிறது: அலாரம் ஒன்று, நிறுத்தம் ஒன்று. 29148 ஒரு வாக்கியத்தில் ஒன்றுதான் இருக்கலாம் என்கிறது. காரணம் டெஸ்ட் மேசையில் தெரியும்: மோட்டார் நின்று அலாரம் வராவிட்டால் அந்த வரி பாஸா, ஃபெயிலா?

"உடனடியாக" என்பதை எந்தக் கடிகாரமும் அளக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் "அடைப்பு ஏற்பட்டால்" என்பதில். பம்புக்கு அடைப்பு தெரியாது, அழுத்தம்தான் தெரியும். அடைத்த கணத்துக்கும் அழுத்தம் எல்லையைத் தொடும் கணத்துக்கும் நடுவே டியூபும் சிரிஞ்சும் விரிந்துகொடுத்து மருந்தை உள்வாங்கும். உதாரணத்துக்கு எல்லையைத் தொட 0.5 மில்லி உள்வாங்குகிறது என்று வையுங்கள். மணிக்கு 100 மில்லி ஓட்டத்தில் அது 18 நொடி. மணிக்கு 1 மில்லியில் அரை மணி நேரம். ஒரே பம்ப், ஒரே சாஃப்ட்வேர். ஆகவே ஓட்ட வேகத்தையும் எந்த டியூப் என்பதையும் சொல்லாமல் நேரத்தை மட்டும் எழுதினால் அது நிறைவேற்றவே முடியாத வரி.

திருத்தி எழுதினால் குறைந்தது மூன்றாகும் (எண்கள் மாதிரிக்குத்தான்):

கீழ்ப்புற லைன் அழுத்தம் 80 கிலோபாஸ்கலைத் தாண்டிய 500 மில்லிசெகண்டுக்குள் பம்ப் மோட்டாரை நிறுத்த வேண்டும்.

கீழ்ப்புற லைன் அழுத்தம் 80 கிலோபாஸ்கலைத் தாண்டிய 2 நொடிக்குள் பம்ப் அடைப்பு அலாரத்தைத் தொடங்க வேண்டும்.

குறிப்பிட்ட டியூப், குறிப்பிட்ட ஓட்ட வேகத்தில், அடைப்பு முதல் அலாரம் வரை இத்தனை நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது.

நான்காவது ஒன்றும் ஒளிந்திருக்கிறது. அடைப்பை விடுவித்ததும் சேர்ந்திருந்த அந்த 0.5 மில்லி மொத்தமாக நோயாளிக்குள் போகும். அதற்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். இன்ஃப்யூஷன் பம்புக்கான ஐஇசி 60601-2-24 இந்த நேரத்தையும் இந்தக் கூடுதல் அளவையும் குறிப்பிட்டுக் கேட்கிறது; 15288 உங்களுக்கு இதைச் சொல்லாது.

இப்போது எல்லைக் கோடு. முதல் வரியின் 500 மில்லிசெகண்டைப் பிரியுங்கள். சென்சார் ஃபில்டருக்கு 100. அழுத்தத்தை 10 ஹெர்ட்ஸில் (நொடிக்குப் பத்து தடவை) படிக்கிறோம் என்றால் அடுத்த சாம்பிளுக்கு அதிகபட்சக் காத்திருப்பு 100. பொய் அலாரம் வராமல் தொடர்ந்து மூன்று சாம்பிள் பார்க்கிறோம் என்றால் இன்னும் 200. சாஃப்ட்வேர் டாஸ்க் ஓட 20. மோட்டார் டிரைவர் நிற்க 50. மொத்தம் 470, கையிருப்பு 30. "மூன்று சாம்பிள், 20 மில்லிசெகண்ட்" என்ற துண்டுதான் சாஃப்ட்வேர் ரிக்வயர்மென்ட். அங்கிருந்து 12207. அதற்கு மேலே 500-ம் இந்தப் பங்கீடும் 15288.

கெடுவது எப்படி என்றால்: பொய் அலாரம் அதிகம் என்று புகார் வரும். சாஃப்ட்வேரில் ஒருவர் மூன்றை ஐந்தாக்குவார். அவருடைய ரிக்வயர்மென்டையும் கூடவே திருத்துவார், யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை. சிஸ்டம் நேரம் 670 ஆகியிருக்கும். மாற்றத்தை மேல் மட்ட ரிக்வயர்மென்டோடு இணைக்கும் டிரேஸ் உயிரோடு இருந்தால், 6.3.5-ன் மாற்றக் கட்டுப்பாடு அங்கே கை வைத்திருக்கும். டிரேஸ் மேட்ரிக்ஸ் என்பது ஆடிட்டர் கேட்கும் எக்செல் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். அளக்கும்போதும் சாஃப்ட்வேருக்குள் இருக்கும் மாறியிலிருந்து அளக்காதீர்கள். லைனில் வெளி அழுத்த அளவியை வைத்து, மோட்டார் கரண்டோடு சேர்த்து ஒரே ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள்.

காகிதம்_குறை

எல்லாம் சரி, ஆனால் மருத்துவக் கருவிக் குழுவில் ஒருவரை 15288-ல் இறக்கிவிடுவது குழந்தையைக் கடலில் நீச்சல் பழக்குகிற மாதிரி. உங்களை ஆடிட்டர் கேட்கப்போவது மருத்துவக் கருவி சாஃப்ட்வேருக்கான ஐஇசி 62304. 2006-ல் வந்தது, 2015-ல் திருத்தம். மெலிந்த புத்தகம். சாஃப்ட்வேர் பழுதானால் என்ன தீங்கு என்பதை வைத்து ஏ, பி, சி என்று வகுப்பு. வகுப்பு ஏற ஏற வேலை கூடும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் விரிவான டிசைன் சி-யில்தான் கட்டாயம். வெளியிலிருந்து எடுத்த லைப்ரரி, ஆர்டிஓஎஸ் (ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம்) போன்றவற்றை எஸ்ஓயுபி என்று தனியாகக் கணக்கு வைக்க வேண்டும். உங்கள் பழைய துறையில் இதைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் முதலில் இதைப் படியுங்கள்.

62304 எங்கே நிற்கிறது என்றும் கவனியுங்கள்: கருவியின் வேலிடேஷனையும் இறுதி வெளியீட்டையும் அது தொடவில்லை. அந்த ஓட்டை தெரிந்த பிறகு 15288-ன் 6.4.11-க்குப் போனால் தேவையோடு போவீர்கள்.

விமானத் துறையும் இதே மாதிரிதான். விமான சாஃப்ட்வேருக்கான டிஓ-178சி-யில், ஆபத்து மிக அதிகமான ஏ நிலைக்கு 71 குறிக்கோள், பி-க்கு 69, சி-க்கு 62, டி-க்கு 26, இ-க்கு ஒன்றுமில்லை. 62-லிருந்து 26-க்கு விழும் இடத்தில் என்ன கழன்றது என்று பட்டியலை ஒப்பிட்டாலே, எந்த வேலையை எவ்வளவு ஆபத்துக்கு அவசியம் என்று கருதுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

உங்கள் குழு 25 பேருக்குள் என்றால் சிறு குழுக்களுக்கான 29110 தொடரைப் பாருங்கள். சாஃப்ட்வேருக்கான பேசிக் ப்ரொஃபைலில் இரண்டே ப்ராசஸ்: ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், சாஃப்ட்வேர் இம்ப்ளிமென்டேஷன். சில பாகங்களை ஐஎஸ்ஓ இலவசமாகவே கொடுத்திருக்கிறது. 30 ப்ராசஸுக்கும் 30 டெம்ப்ளேட் உருவாக்கி யாரும் நிரப்பாமல் கிடப்பதைவிட அது மேல்.

ஆறுநாலு

62304 முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன், பம்ப் குழு என்பதால். ஆனால் அதை மட்டும் படித்தால் 500 மில்லிசெகண்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாது. சாஃப்ட்வேருக்கு ரிக்வயர்மென்ட் மேலேயிருந்து வந்துவிட்டது என்ற இடத்திலிருந்துதான் அது பேசும்.

டெம்ப்ளேட் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. 15288 ஆவணத்தின் பெயரையோ வடிவத்தையோ கட்டாயப்படுத்துவதில்லை. எந்தத் தகவல் எந்த ஆவணத்தில் என்பதற்கு 15289 தனியாக இருக்கிறது, அங்கேயும் பலவற்றை ஒன்றாகச் சேர்க்கலாம்.

இரண்டு ஸ்டாண்டர்டைச் சேர்த்துப் படிக்கும்போது "வேலிடேஷன்" என்ற சொல்லில் கவனம். 15288-ல் அது உபயோகிப்பவரின் தேவை அவருடைய சூழலில் நிறைவேறியதா என்பது. அமெரிக்காவில் மருந்தையும் மருத்துவக் கருவியையும் ஒழுங்குபடுத்தும் எஃப்டிஏ-வின் 2002 சாஃப்ட்வேர் வேலிடேஷன் வழிகாட்டி அதை அகலமாக எடுத்து, வெரிஃபிகேஷனையும் அதற்குள் அடக்குகிறது. டிஓ-178சி-யில் "வெரிஃபிகேஷன்" என்றால் டெஸ்ட் மட்டுமில்லை, ரிவ்யூவும் அனாலிசிஸும் சேர்த்து. ஒரே அறையில் மூன்று துறைக்காரர்கள் தலையாட்டுவார்கள், மூன்று பேரும் வேறு வேறு விஷயத்துக்கு.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். 15288-க்கு 2023 பதிப்பு வந்துவிட்டது. 12207:2017 அதற்கு முந்தைய 2015-ஐ ஒட்டியது. 6.4.3, 6.4.9 போன்ற எண்கள் இரண்டிலும் அதே இடத்தில் இருக்கும், வாசகங்களில் வேறுபாடு உண்டு. சாஃப்ட்வேர் தரத்துக்கான 25010-ன் பண்புகளில் இது இன்னும் கூர்மை: 2011-ல் எட்டுப் பண்பு, 2023-ல் ஒன்பது, சேஃப்டி புதிதாகச் சேர்ந்தது, யூசபிலிட்டியும் போர்ட்டபிலிட்டியும் பெயர் மாறின. உங்கள் ஆவணத்தில் "25010-ன்படி" என்று மட்டும் எழுதியிருந்தால், பக்கத்தில் ஆண்டைப் போட்டுவிடுங்கள்.